சிந்துஜா அறையின் தாழ்ப்பாள்

விக்டோரியா அணைக்கட்டின் கதவுகளை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, வெள்ளம் சிந்துஜாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், மகாவலி வழியாகத் திருகோணமலைக் கடலில் சேர்த்தாலும், அவள் அங்கே ஒரு திமிங்கிலத்தின் முதுகில் புரண்டு படுத்து மிச்சத் தூக்கத்தைத் தூங்குவாள். கண்டியை ஆண்ட அரசர்கள் காலத்திலிருந்து இன்றுவரை இந்தத் தீவில் தூங்கியவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் முதல் ஆள் அவள்தான். தூங்குகிறவர்களை எப்படி வரிசையாக நிறுத்துவது என்று கேட்கக் கூடாது. சிந்துஜா நின்றுகொண்டே தூங்குவாள். பன்வில பஸ்ஸில் ஏறி, மேல் கம்பியை ஒரு கையால் பிடித்து, வத்தேகம வரும்வரை குறட்டை விட்டவள் அவள்.

இதெல்லாம் எப்படிப் பழகியது என்றால், பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் ஏழு பேரோடு பழகியது. அப்பாவின் இருமல், தம்பிகளின் உதை, தகரத்தின் மேல் மழை, பக்கத்து வீட்டு டீவி. இத்தனையும் இருந்தால்தான் அவளுக்குக் கண் சொக்கும்.

அப்படிப்பட்ட சிந்துஜா, திகனவில் ஒரு வீட்டில், புத்தம் புது மெத்தை போட்ட கட்டிலில், பதின்மூன்று இரவு கண்ணை மூடவில்லை.

அந்த வீட்டுக்கு அவள் வந்தது ரிஸ்மியைப் பார்த்துக்கொள்ள. ரிஸ்மிக்கு மூன்று வயது. அவனுடைய உம்மா றம்லத், கணக்கு டீச்சர். பிள்ளை பிறந்ததோடு வீட்டில் நின்றவர் மறுபடியும் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. அவனுடைய வாப்பா மஹ்மூத்துக்குத் திகன டவுனில் ஹாட்வெயார் கடை. வீட்டில் மூத்த மகள் மஸாஹிராவும் இருந்தாள். வயது பதினாறு. கணக்கு டீச்சரின் மகளாக இருந்துகொண்டே ஓ எல் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, இரண்டாம் தடவை எழுதுகிற சாக்கில் வீட்டில் குந்திக்கொண்டிருந்தாள். ஆனாலும் பிள்ளை பார்க்கிற பொறுப்பை அவளிடம் கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தேநீரில் உப்புப் போடுகிறவளிடம், வாப்பாவின் செருப்புக்குள் பிளாஸ்டிக் பல்லியை வைக்கிறவளிடம், யார்தான் ஒரு குழந்தையைக் கொடுப்பார்கள்?

சிந்துஜாவுக்கு இருபது வயது. ஏ எல் முடித்தவள். கண்டியில் சனிக்கிழமைகளில் நடக்கிற முன்பள்ளி டிப்ளோமா வகுப்பில் சேர இடம் கிடைத்திருந்தது. தோட்டத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் இறங்கி வருவது சரிப்படாது. ஆகவே பேச்சு இப்படி முடிந்தது. அவள் வீட்டோடு தங்கி ரிஸ்மியைப் பார்ப்பாள், சாப்பாடும் அறையும் கைச்செலவும் அவர்கள் கொடுப்பார்கள், சனிக்கிழமை அவளுடைய நாள். எட்டு மாதம் தாக்குப்பிடித்தால் கையில் சான்றிதழ். தாக்குப்பிடிக்காவிட்டால் தேயிலை மலை. அம்மா பாலம்மா ஏறிய அதே மலை.

அறை விஷயத்தில் மஹ்மூத் ஒரு மாதத்துக்கு முன்பே இறங்கிவிட்டார். வீட்டின் பின் பக்கம் கடைக்குச் சாமான் வைக்கிற ஸ்டோர் ரூம் ஒன்று இருந்தது. பெயின்ட் டின்களையும் குழாய்களையும் அகற்றி, சுவருக்கு இள மஞ்சள் அடித்தார். ஜன்னலுக்குக் கம்பியும் நுளம்பு வலையும் போட்டார். மேலே ஃபேன். ஒரு அலுமாரி, ஒரு மேசை, ஒரு கதிரை.

"வேலக்கு வார புள்ள எண்டு யாரும் நெனைக்க வாணாம்" என்றார் இரவுச் சாப்பாட்டில். "ஒரு உம்மா நம்மள நம்பித் தார புள்ள. அந்த ரூம் பக்கம் எந்த ஆம்பளயும் போகப்படாது. நானும் போக மாட்டன். கடப் பொடியனுகளும் பின் கதவால வரப்படாது. றம்லத், சாமிப் படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கச் சொன்னேனே, அடிச்சாச்சா?"

"அடிச்சிட்டாங்க."

"கிழக்குப் பக்கமா?"

"அல்லாவே, அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? சுவர் இருந்த பக்கமா அடிச்சாங்க."

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மனுசன் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அது ஸ்டோர் ரூம். ஸ்டோர் ரூமுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கும்? வெளிப்பக்கம். சிமெந்து மூட்டை உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுப்பதில்லை. வெளியே ஒரு முழ நீளத்தில், ஆள் தோள் உயரத்தில், பளபளவென்று தாழ்ப்பாள் இருந்ததால் பார்க்கிற எல்லோருக்கும் "நல்ல பாதுகாப்பான கதவு" என்றே பட்டது. அறை தயாரான பிறகு மஹ்மூத் தன் சொல்லைக் காப்பாற்றி அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. தாழ்ப்பாளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள், மரியாதை காரணமாக, அந்தக் கதவைச் சாத்தி அதன் உட்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

பாலம்மாதான் மகளைக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்குக் கதவு விரியத் திறந்து, ஒரு காலி பெயின்ட் டின் அதைச் சுவரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பாலம்மா மெத்தையை மூன்று தரம் அமுக்கிப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து மூடினார். ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டும் ஒரு ஆளுக்கா?" என்றார்.

"ஒரு ஆளுக்குத்தான்" என்றார் றம்லத்.

"நம்ம காம்பராவ விடப் பெருசா இருக்கேடி" என்று மகளின் காதில் சொன்னார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்து, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்திரமா பாத்துக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று இரவு பெயின்ட் டின்னை நகர்த்திக் கதவைச் சாத்தியபோதுதான் சிந்துஜா பார்த்தாள். உள்பக்கம் வெறும் பலகை. ஒரு கொக்கியும் இல்லை.

லயத்தில் அவள் வீட்டுக் கதவு கோழி முட்டினாலே ஆடும். ஆனால் இருட்டினதும் அப்பா குறுக்குக் கட்டையைத் தூக்கிப் போடுகிற சத்தம் ஒன்று கேட்கும். டொக். அந்தச் சத்தத்தோடு நாள் முடிந்தது. ஏழு பேர், ஒரு கட்டை. இங்கே அவள் ஒருத்தி, கட்டை இல்லை. பூட்டுகிற வசதி முழுக்க மற்றப் பக்கத்தில் நிற்கிறவருடைய கையில்.

கேட்டிருக்கலாமே என்று சொல்வது சுகம். எப்படிக் கேட்பது? "கதவுக்கு உள்ளுக்குத் தாழ்ப்பாள் வேணும்" என்று ஒரு பெண் கேட்டால், "உங்க வீட்டு ஆம்பளைங்கள நான் நம்பல" என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த வீட்டில் இருந்த ஆம்பளையோ, அவள் கூடத்தில் இருந்தால் செருமிவிட்டு உள்ளே வருகிற ஆள். அவள் சாமிப் படத்துக்கு ஆணியைப் பற்றிக் கவலைப்பட்ட ஆள். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதா? டீச்சரிடம் சொன்னாலும் அது அவரிடம்தான் போகும். அம்மாவிடம் போனில் சொன்னால் அப்பா முதல் பஸ்ஸில் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார். அதோடு டிப்ளோமாவும் போய்விடும்.

ஆகவே அவள் சூட்கேஸைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, பாயைக் கதவின் குறுக்கே விரித்து, முதுகைப் பலகையில் சாய்த்து உட்கார்ந்தாள். பலாச் சருகு விழுந்தாலும் கண் திறந்தது. மெத்தை பாவம், யாரும் படுக்காமல் புதுசாகவே இருந்தது.

உடம்பு விடுமா? இரவில் கொடுக்காததைப் பகலில் பிடுங்கிக்கொண்டது. ரிஸ்மிக்குச் சோறு ஊட்டும்போது கவளம் கையில் இருக்க அவள் தூங்கினாள். துணி காயப் போடும்போது கொடியைப் பிடித்தபடி தூங்கினாள். சனிக்கிழமை வகுப்புக்குப் போனவள் 'குழந்தையின் பாதுகாப்பான சூழல்' என்ற பாடத்தில் மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். வீட்டில் ஒரு மத்தியானம் அப்படிச் சாய்ந்திருந்தவளுக்கு மஸாஹிரா கண்மையால் முறுக்கு மீசை வரைந்துவிட்டாள். மீசையோடு சிந்துஜா ரொட்டி வாங்கக் கடைக்குப் போய்வந்தாள். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம், மிச்சக் காசை மட்டும் கொஞ்சம் பயபக்தியோடு கொடுத்தாராம்.

திரும்பி வந்து கண்ணாடியைப் பார்த்தவள் கோபப்படவில்லை.

"எங்க தாத்தாவுக்கு இதே மீசதான்" என்று சொல்லிவிட்டுக் கழுவினாள்.

மஸாஹிராவுக்கு அது பெரிய ஏமாற்றம். கோபப்படாத ஆளிடம் குறும்பு செய்வது தண்ணியில் ஆணி அடிக்கிற மாதிரி.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை. சிந்துஜா முன் விறாந்தைப் படியில் ரிஸ்மியை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கதையில் நரி கிணற்றடிக்கு வந்ததோடு அவள் கண் சொருகியது. நரிக்கு என்ன ஆனது என்று காத்திருந்த ரிஸ்மி, பொறுமை கெட்டு, மடியிலிருந்து இறங்கி, கேட்டைத் திறந்து மெயின் ரோட்டுக்குப் போய்விட்டான். எதிர்ப்புறம் கடலை விற்கிற அன்னலட்சுமி ஓடி வந்து, ஒரு லொறிக்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். வந்த நேரம் றம்லத் டீச்சரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"தூங்குது பாருங்க டீச்சர்! லொறி ஹோன் அடிச்சதுக்கும் எழும்பல!" என்றார் அன்னலட்சுமி.

டீச்சருக்கு முகம் வெளுத்துப்போனது. பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கத்தவில்லை. கணக்கு டீச்சர்கள் உண்மையிலேயே கோபப்பட்டால் கத்துவதில்லை.

"ராவெல்லாம் போன்ல பேசிட்டு பகல்ல தூங்குறீங்களா சிந்துஜா?"

"இல்லைங்க டீச்சர்."

"அப்ப என்ன? கட்டில் சரியில்லையா? மெத்த குத்துதா?"

"எல்லாம் நல்லாருக்குங்க."

"எல்லாம் நல்லா ஈக்கி. ஆனா புள்ள ரோட்டுல ஈக்கி." டீச்சர் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினார். "ஞாயித்துக்கிழம வரைக்கும் பாக்கிறன். இன்னொரு தரம் இப்படி நடந்தா உங்கட அம்மாவுக்கு நான் போன் கோல் எடுக்கிறதத் தவிர வேற வழி இல்ல."

சிந்துஜா தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து ரிஸ்மியின் இடுப்புக் கயிற்றைத் தன் துப்பட்டா முனையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கண் சொருகினால் பச்சை மிளகாயைக் கடித்தாள்.

இனி வியாழக்கிழமை. டீச்சர் பள்ளிக்கூடத்தில், மஹ்மூத் கடையில். ரிஸ்மி கூடத்தில் தூங்கினான். சிந்துஜா உடுப்பு மடித்து வைக்கத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்போது வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. ரிஸ்மிதான் எழும்பி வந்து விளையாட்டாகப் போட்டிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் என்றால் ஒரு ஆசை.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் தட்டியிருப்பார்கள், கத்தியிருப்பார்கள். தாழ்ப்பாள் போடுவதன் ருசியே உள்ளே இருக்கிறவர் கத்துவதில்தான் இருக்கிறது. சிந்துஜா கத்தவில்லை. ஒரு தரம் கதவை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, தப்பாக. டீச்சர் அம்மாவுக்குக் கோல் எடுத்துவிட்டார். அம்மா வரும்வரை தன்னைப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளையை லொறிக்கு முன்னால் விட்டவளை வேறு என்ன செய்வார்கள்? ஆணியில் இருந்த முருகன் படத்தை எடுத்துத் துணிக்குள் சுற்றினாள். அலுமாரியிலிருந்த உடுப்புகளைச் சூட்கேஸில் அடுக்கினாள். மெத்தைக்குப் போட்ட விரிப்பை, வந்த அன்று இருந்த மாதிரியே மடித்து வைத்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

நாற்பது நிமிசம் ஒரு சத்தம் இல்லை.

கடைசியில் சத்தம் கேட்டு மஸாஹிரா ஓடி வந்து கதவைத் திறந்தாள். திறந்தவள் முதலில் கண்டது சூட்கேஸை.

"எங்க போறீங்க சிந்தக்கா?"

"அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள் சிந்துஜா. எழுந்து நின்றாள். "ரிஸ்மிக்குப் பாலு இன்னும் குடுக்கல தங்கச்சி. சீனி அரைக் கரண்டி போதும். கூடப் போட்டா வயித்தால போவும்."

மஸாஹிரா வாயைத் திறந்தாள். வழக்கமாக அதற்குள் எப்போதும் ஒரு பகிடி இருக்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. கண்ணை வேறு எங்கேயாவது வைக்க வேண்டும் என்று கதவைப் பார்த்தாள். கதவின் உட்பக்கத்தை. வெறும் பலகை. கீழே சூட்கேஸின் மூலை பட்டுப் பட்டுப் பதிந்த தழும்பு, பன்னிரண்டு இரவின் தழும்பு. கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த பாய். பாயின் மேல் தலையணை. கட்டிலில் மெத்தை புத்தம் புதுசாக.

கணக்கில் ஃபெயிலானவளுக்கும் அந்தக் கணக்கு விளங்கியது.

"யாரும் வரல்ல" என்றாள். "உம்மா கோல் எடுக்கல்ல. சும்மா... கதவு மாட்டிக்கிச்சு."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மஹ்மூத் கடையைப் பூட்டிவிட்டு ஜும்மாவுக்குப் போயிருந்தார். சிந்துஜா ரிஸ்மியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் வீரையா பாஸ் வந்து, வெளியே இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி உள்ளே மாட்டிவிட்டுப் போனார். வீரையா பாஸ் டவுனில் பெயர் போன தச்சர். மஸாஹிராதான் கோல் எடுத்து வரச் சொன்னாளாம். அன்று மஸாஹிராவின் உள்ளங்கையில் ஏன் மூன்று இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது என்று சிலர் கேட்கலாம். அது மாங்காய் வெட்டும்போது பட்டது.

அன்றிரவு சிந்துஜா கதவைச் சாத்தினாள். இருட்டில் சூட்கேஸை இழுக்கப் போன கையில் இரும்பு பட்டது. தடவிப் பார்த்தாள். தள்ளினாள்.

டொக்.

சனிக்கிழமை காலை ஆறு மணியானது, சிந்துஜா வரவில்லை. ஏழானது. வகுப்புக்குப் போகிற பஸ் போனது. எட்டு மணிக்கு றம்லத் டீச்சர் கதவைத் தட்டினார். தள்ளினார். கதவு அசையவில்லை. வெளியே தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சர் அந்த ஓட்டைகளில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். உள்ளே இருந்து குறட்டை, லொறி மேட்டில் ஏறுகிற மாதிரி.

கூடத்துக்கு வந்து கணவரிடம் ஒரே வசனம்தான் சொன்னார். "அந்தக் கதவுக்கு இவ்வளவு நாளும் உள்ளுக்குத் தாப்பாள் இல்லயாம்."

மஹ்மூத் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது வகத் தாப்பாள் விக்கிறன்" என்றார். விரலை மடக்கி எண்ணிவிட்டு மறுபடியும், "பித்தளையில மட்டும் ஒம்பது வக."

"அந்தப் புள்ள கேக்கவும் இல்ல."

"எப்படிக் கேக்கும் றம்லத்? நாம கேக்காமக் குடுத்திருக்கோணும்."

சிந்துஜா பதினைந்து மணி நேரம் தூங்கினாள். விழித்து வந்தபோது மேசையில் சோறும் கோழிக்கறியும் மூடி வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. டீச்சர் மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டே, "இனி எது குறையா இருந்தாலும் மொதல்ல எனக்குச் சொல்லுங்க மகள். கோவிச்சாலும் பரவாயில்ல, சொல்லுங்க" என்றார். திங்கட்கிழமை மஹ்மூத் வீரையா பாஸைத் தேடிப் போய்க் கையைக் குலுக்கி, தேநீர் வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று வீரையா பாஸுக்கு விளங்கவில்லை. ஆனால் வருகிற தேநீரை வேண்டாம் என்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இப்போது அவள் வந்து ஐந்து மாதம். வகுப்பில் தூங்குவதில்லை. ரிஸ்மிக்கு நரிக் கதை முடிவு வரை தெரியும்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நேற்றுப் பின்னேரம் இந்தக் கதை எழுதிய கொப்பி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வைத்த இடத்தில் கிடந்தால் அது மஸாஹிராவின் கொப்பியே இல்லை. சிந்துஜா ரிஸ்மியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். திமிங்கிலத்துக்குச் சிரித்தாள். மீசைக்குச் சிரித்தாள். வியாழக்கிழமை வந்ததும் சிரிப்பு நின்றது.

"தங்கச்சி, இங்க வா."

மஸாஹிரா வந்தாள்.

"நான் கத்தவே இல்லன்னு நீயே எழுதியிருக்க. நாப்பது நிமிசம் ஒரு சத்தம் இல்லன்னும் எழுதியிருக்க."

"ஓ. அதுக்கு?"

"அப்புறம் எந்தச் சத்தம் கேட்டு ஓடியாந்த?"

மஸாஹிரா கூரையைப் பார்த்தாள். 

"அந்த ரூம்ல மணிக்கூடு கெடையாது. என் போன் குசினியில சார்ஜுல கெடந்துச்சு. எவ்வளவு நேரம்னு எனக்கே தெரியாது. வெளிய நின்னு யாரு எண்ணுனது? இவனா?" ரிஸ்மியைத் தூக்கி நிறுத்திக் காட்டினாள். அவன் மோவாய் மேசை விளிம்புக்குச் சரியாக வந்தது. "இவனுக்குத் தோள் உசரத்துத் தாப்பாள் எட்டுமா?"

"அவன் கதிர போட்டு ஏறியிருப்பான்."

"கூடத்துக் கதிரய இவனால இழுக்க முடியாது, மத்த கதிர உள்ள என்கிட்ட இருந்துச்சு. நான் அதுல உக்காந்திருந்தேன். அதையும் நீதான் எழுதியிருக்க."

மஸாஹிராவின் காது சிவந்தது. அழுவதா சிரிப்பதா என்று முகத்துக்கே தெரியவில்லை. சிந்துஜா அவளுடைய உள்ளங்கையை இழுத்து விரித்துப் பார்த்தாள். மூன்று சின்னத் தழும்பு.

"மாங்காயாம்" என்றாள். கையை விடவில்லை. "பேர் போன தச்சரு யாராச்சும் தாப்பாளத் தலகீழா மாட்டுவாங்களா? அன்னைக்கு ராத்திரி தடவிப் பாத்தப்பவே தெரியும் எனக்கு."

பிறகு கொப்பியை மூடி நீட்டினாள்.

"நாளைக்கு வாப்பா கடையிலேர்ந்து ஒரு ஸ்க்ரூ கொண்டா. நாலாவது ஆடுது."